யூஎஸ்பியில் இருந்து கஸ்டம் ஃபர்ம்வேர் ஏறாத ரூட்டர்: கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் மொபைல், ரூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில்தான் இந்தக் கேள்விகள் மொத்தமாக வரும். கரையில் இருக்கும் பையன்கள் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுத்துத் தூசி தட்டி, கம்பெனி ஃபர்ம்வேருக்கு (ரூட்டரை இயக்கும் மென்பொருளுக்கு) பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றிப் பார்க்கலாம் என்று இறங்குவார்கள். பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, ரூட்டரில் செருகி, பவர் போடுவார்கள். பழைய கம்பெனிப் பக்கமே மறுபடி வந்து நிற்கும். இல்லையென்றால் பவர் லைட் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். "அண்ணே, ஃபர்ம்வேர் சரியில்ல" என்று போன் வரும்.

பெரும்பாலும் அந்த ஃபர்ம்வேரில் ஒரு பைட்டைக்கூட ரூட்டர் படித்திருக்காது. அதற்கு முன்னாலேயே எங்கோ நின்றுபோயிருக்கும். எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் ஃபர்ம்வேரை மாற்றி மாற்றிப் போடுவது இருட்டில் வலை இழுப்பதுதான்.

கட்டளைகளைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

பென்டிரைவைச் செருகிப் பவர் போட்டால், கம்ப்யூட்டர் மாதிரி அதில் இருந்தே பூட் ஆகாதா?

பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் ஆகாது. கம்ப்யூட்டரில் பயாஸ் இருக்கிறது, எதிலிருந்து பூட் செய்வது என்று நம்மைக் கேட்கும். ரூட்டரில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. பவர் வந்ததும் சிப்புக்குள் இருக்கும் சின்ன ரோம், போர்டில் உள்ள ஃப்ளாஷ் சிப்பைப் பார்க்கும். அங்கே பூட்லோடர் இருக்கும், பெரும்பாலும் யூ-பூட். அது ஃப்ளாஷில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையத்தை, ரேமில் ஏற்றி ஓட விடும். கெர்னல் எழுந்து, அதன் டிரைவர் ஏறிய பிறகுதான் பின்னால் உள்ள யூஎஸ்பி துளைக்கு உயிர் வரும். கம்பெனிக்காரன் அந்தத் துளையை வைத்தது பிரிண்டருக்கும் ஹார்டுடிஸ்க்குக்கும்.

ஆக, துளை ஒன்றுதான், டிரைவர் இரண்டு. லினக்ஸுக்குத் தனி, யூ-பூட்டுக்குத் தனி. ஹார்டுடிஸ்க் நன்றாக வேலை செய்கிறது என்பதால் யூ-பூட்டுக்கும் யூஎஸ்பி தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. இடம் மிச்சம் பிடிக்க அந்த டிரைவரைச் சேர்க்காமலே யூ-பூட்டை எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

ரூஃபஸ் போட்டு பென்டிரைவை பூட்டபிள் ஆக்கினேனே?

பயன் இல்லை. ரூஃபஸ் என்ற புரோகிராம் செய்வது பயாஸ் உள்ள கம்ப்யூட்டருக்கான ஏற்பாடு. ராஸ்பெர்ரி பையை ரூட்டராகப் பயன்படுத்துகிறவர்களுக்கும், பழைய கம்ப்யூட்டரில் எக்ஸ்86 (கம்ப்யூட்டர் சிப் வகை) இமேஜ், அதாவது ஃபர்ம்வேர் ஃபைல், போடுகிறவர்களுக்கும் மட்டும் முழு இமேஜையும் பென்டிரைவில் எழுதும் முறை பொருந்தும். மற்ற ரூட்டர்களுக்கு ஃபைலைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் போதும்.

என் ரூட்டரின் பூட்லோடருக்கு யூஎஸ்பி தெரியுமா என்று எப்படிப் பார்ப்பது?

அதையே கேட்க வேண்டும். கேட்கும் வழி சீரியல் கன்சோல், அதாவது போர்டில் உள்ள பின்கள் வழியாக லேப்டாப்பில் இருந்து ரூட்டரோடு எழுத்தில் பேசுவது. இதற்குப் பயப்படாதீர்கள். ரூட்டரைத் திறக்காமல் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொள்பவர், திறந்தால் பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

மூடியைத் திறந்தால் போர்டில் வரிசையாக நான்கு துளையோ நான்கு ஈயப் பொட்டோ இருக்கும். பவர் இல்லாதபோது மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை யூஎஸ்பி துளையின் உலோக உறையில் வையுங்கள். நான்கில் எது பீப் அடிக்கிறதோ அது கிரவுண்ட். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றி ரூட்டருக்குப் பவர் போடுங்கள். ஒரு பின்னில் 3.3 வோல்ட் அசையாமல் நிற்கும், அது விசிசி, பவர் பின். அதைத் தொடவே வேண்டாம், கம்பி கொடுக்க வேண்டாம். இன்னொன்றில் பவர் போட்ட முதல் சில விநாடி எண் துள்ளும், பிறகு 3.3 பக்கம் அடங்கும். அதுதான் டிஎக்ஸ், ரூட்டர் பேசும் வாய். மிச்சம் இருப்பது ஆர்எக்ஸ், அதன் காது.

சிஎச்340 அல்லது சிபி2102 சிப் உள்ள யூஎஸ்பி–சீரியல் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று ஜம்பர் இருந்தால் 3.3-ல் வையுங்கள். 5 வோல்ட் போனால் ரூட்டரின் சிப் செத்துவிடும். கிரவுண்டைக் கிரவுண்டோடு சேருங்கள். ரூட்டரின் டிஎக்ஸை அடாப்டரின் ஆர்எக்ஸுக்கும், ரூட்டரின் ஆர்எக்ஸை அடாப்டரின் டிஎக்ஸுக்கும் மாற்றிக் கொடுங்கள். வாய்க்கு எதிரே காது. லேப்டாப்பில் புட்டி என்ற டெர்மினல் புரோகிராமைத் திறந்து வேகம் 115200 வைத்து, ரூட்டருக்குப் பவர் போடுங்கள். வரிகள் ஓடத் தொடங்கும்.

யூ-பூட் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரத்தில் ஒரு கீயைத் தட்டினால் நின்றுவிடும். அங்கே 'ஹெல்ப்' என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் 'யூஎஸ்பி', 'ஃபேட்லோட்' இரண்டும் இருந்தால் வழி இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் அந்த ரூட்டர் யூஎஸ்பியில் இருந்து பூட் ஆகாது. பென்டிரைவை ஓரமாக வைத்துவிட்டு டிஎஃப்டிபி வழிக்குப் போங்கள், கீழே சொல்லியிருக்கிறேன்.

எழுத்தெல்லாம் குப்பையாக ஓடுகிறது.

வேகம் தவறு. ராலிங்க், மீடியாடெக்கின் பழைய சிப்புகளில் 57600 இருக்கும், மாற்றிப் பாருங்கள். அப்படியும் குப்பை என்றால் கிரவுண்ட் கம்பி ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

எந்தக் கீயைத் தட்டினாலும் நிற்கவில்லை, நேராகப் பூட் ஆகிவிடுகிறது.

முதலில் ஆர்எக்ஸ் கம்பியைப் பாருங்கள். ரூட்டர் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது அதற்குக் கேட்கவில்லை என்றால் அந்தக் கம்பிதான். அது சரி என்றால் கம்பெனி வேறு கீ வைத்திருக்கிறது. டிபி-லிங்கின் பழைய மாடல் பலவற்றில் எண்ணும் நேரத்துக்குள் 'டிபிஎல்' என்று மூன்று எழுத்தையும் வேகமாகத் தட்ட வேண்டும். ராலிங்க் சிப் உள்ளவற்றில் எண்கள் போட்ட மெனு வரும், 4-ஐ அழுத்தினால் கட்டளை வரி கிடைக்கும்.

'யூஎஸ்பி ஸ்டார்ட்' தட்டினால் ஸ்டோரேஜ் டிவைஸ் பூஜ்யம் என்கிறது. அதே பென்டிரைவ் லேப்டாப்பில் ஓடுகிறது.

நம் கரையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தென்கடல் பக்கம் ஒரு வீட்டில் இருந்து ரூட்டர் வந்தது. கடலைப் பார்த்த ஜன்னல் திட்டில் நான்கு வருடம் இருந்ததாம். கச்சான் காற்று வீசும் மாதம் முழுக்க அதன் காற்றுத் துளைகள் கடலைப் பார்த்தே இருந்திருக்கின்றன. யூஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உறை துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. உள்ளே நான்கு தகட்டில் ஓரத்தில் உள்ளது பச்சைக் களிம்பு பூத்திருந்தது, அதுதான் 5 வோல்ட் வரும் தகடு. பென்டிரைவைச் செருகி அளந்தால் 4.2 வோல்ட்தான். பென்டிரைவின் லைட் எரிந்தது, ஆனால் யூ-பூட் கூப்பிட்டபோது பதில் சொல்லும் அளவுக்குத் தெம்பு இல்லை.

இப்படிப்பட்ட துளையை உடனே ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றித் துடைப்பார்கள். அது போதாது. உப்பு ஆல்கஹாலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பவரைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு முதலில் உப்பை எடுங்கள். அதன் பிறகு ஐபிஏ விட்டுத் தண்ணீரை விரட்டுங்கள். பிறகு முழுமையாகக் காய விடுங்கள், ஒரு ராத்திரி விட்டாலும் நல்லது. அந்த வீட்டு ரூட்டரை அப்படித்தான் செய்தேன். மறுநாள் 4.9 வோல்ட் வந்தது, ஸ்டோரேஜ் டிவைஸ் ஒன்று என்று காட்டியது.

"காலையில வேலை செய்யல, மத்தியானம் வேலை செய்யுது" என்று சொல்பவர்களுக்கும் இதேதான் காரணம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். விடியற்காலையில் போர்டு முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்புநீர்ப் படலம் இருக்கும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும்.

துளை சுத்தமாக இருந்தால் அடுத்து ரூட்டரின் பவர் அடாப்டர். 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று மேலே எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டால் பளு ஏறும்போது வோல்ட் இறங்கும். தனியாக அளந்தால் 12 காட்டும், ரூட்டரை மாட்டி பென்டிரைவையும் செருகி அளந்தால் 10-க்குக் கீழே போகும். பளுவோடு அளக்காத அளவு அளவே இல்லை. யூஎஸ்பி 2.0 துளை கொடுக்க வேண்டியது 500 மில்லிஆம்பியர். ஹார்டுடிஸ்க் அதைவிட அதிகம் கேட்கும், ஆகவே சோதிக்கும்போது சின்ன பென்டிரைவையே வையுங்கள்.

இவ்வளவும் சரி என்றால் பென்டிரைவ் மெதுவானதாக இருக்கலாம். 'செட்என்வ்' கொடுத்து, 'யூஎஸ்பி', 'பிகுட்', 'டிலே' மூன்றையும் அடிக்கோட்டால் இணைத்து எழுதி, மதிப்பு 2000 வையுங்கள். பிறகு 'யூஎஸ்பி ரீசெட்'. பவர் கொடுத்த பிறகு இரண்டு விநாடி பொறுத்துக் கூப்பிடு என்று அர்த்தம். இரண்டு துளை உள்ள ரூட்டரில் மற்ற துளையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில யூ-பூட்டுக்கு ஒன்றுதான் தெரியும்.

பென்டிரைவ் தெரிகிறது, ஃபைல் கிடைக்கவில்லை என்கிறது.

32 ஜிபிக்கு மேல் உள்ள பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் வருகிறது. பழைய யூ-பூட்டுக்கு அது புரியாது. எம்பிஆர் முறையில் ஒரே பார்ட்டிஷன் போட்டு ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபைல் பெயரை நீளமாக விடாமல், இடைவெளி இல்லாமல், சிறிதாக மாற்றுங்கள். 'ஃபேட்எல்எஸ்' கொடுத்துப் பட்டியல் வருகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஏற்றலாம். 8 ஜிபி பழைய பென்டிரைவ் வீட்டில் இருந்தால் அதுவே இந்த வேலைக்கு உகந்தது.

ஃபைல் ஏறிவிட்டது, 'பூட்எம்' கொடுத்தால் 'பேட் மேஜிக் நம்பர்' என்கிறது.

யூ-பூட்டுக்குத் தெரிந்த பழைய வகை இமேஜின் தலையில் 27051956 என்ற அடையாள எண் இருக்கும். பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் அது. அந்த இடத்தில் வேறு எதுவோ இருக்கிறது என்று சொல்கிறது. பெரும்பாலும் 'ஃபேக்டரி' இமேஜைப் போட்டிருப்பீர்கள். அது கம்பெனியின் வெப் பக்கத்தில் கொடுப்பதற்காக, முன்னால் கம்பெனியின் தலைப்பு ஒட்டியது. இன்னொரு காரணம், ஜிப்பைப் பிரிக்காமலே போடுவது. டவுன்லோட் செய்த ஃபைலின் எஸ்எச்ஏ256 எண்ணை (ஃபைல் முழுதாக, மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். டவர் ஒழுங்காக எடுக்காத இடத்தில் போன் டேட்டாவில் இறக்கிய ஃபைல் பாதியில் அறுந்து வருவது சகஜம். அப்போது மேஜிக் நம்பர் சரியாக இருக்கும், 'பேட் டேட்டா சிஆர்சி' என்று வரும்.

'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று வந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை.

இதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். முதலாவது, ரூட்டரின் ஹார்டுவேர் வெர்ஷன் மாறிப்போவது. அடியில் உள்ள ஸ்டிக்கரில் வி1, வி2, வி3 என்று இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப்பே வேறாக இருக்கும். இமேஜ் அந்த வெர்ஷனுக்கே உரியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரேமில் ஏற்றிய இடம். சுருக்கிய கெர்னலை ஓரிடத்தில் ஏற்றுகிறோம், அது விரிந்து இன்னோர் இடத்தில் உட்காரும். இரண்டும் நெருக்கமாக இருந்தால், விரியும் கெர்னல் இன்னும் படிக்காத தன் மிச்சத்தையே அழித்துக்கொண்டு போகும். ஏற்றும் முகவரியைத் தள்ளி வையுங்கள். 'பிரிண்ட்என்வ்' கொடுத்தால் கம்பெனி எந்த முகவரியைப் பயன்படுத்துகிறது என்று தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது, அது ஓடிக்கொண்டே இருக்கலாம், கன்சோலின் வேகம் மட்டும் மாறியிருக்கலாம். இரண்டு நிமிடம் பொறுத்து, லேன் கேபிளை மாட்டி ரூட்டரின் முகவரியான 192.168.1.1-க்குப் பிங் அடித்துப் பாருங்கள். பாம்பனில் இருந்து வந்த ஒரு தம்பி இதற்காக ஒரு வாரம் அலைந்திருக்கிறான். முதல் நாளிலேயே அவன் ரூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கெர்னல் ஓடுகிறது, கடைசியில் 'பேனிக்' ஆகி, ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

நல்ல செய்தி. யூஎஸ்பி, பூட்லோடர், கெர்னல் எல்லாம் தேறிவிட்டன. இமேஜ் வகைதான் தவறு. 'சிஸ்அப்கிரேட்' இமேஜ் ஃப்ளாஷில் எழுதுவதற்கானது. அதை ரேமில் ஏற்றி ஓட்டினால் கெர்னல் மட்டும் எழும், தன் ரூட்டை (மற்ற ஃபைல்கள் எல்லாம் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை) ஃப்ளாஷில் தேடும். அங்கே இருப்பதோ கம்பெனியின் பழைய சரக்கு. யூஎஸ்பியில் இருந்து ஓட்ட 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று பெயரில் உள்ள இமேஜ் வேண்டும். அதில் ரூட்டும் கெர்னலோடு சேர்ந்தே ரேமுக்கு வரும்.

ரூட்டை பென்டிரைவின் இரண்டாவது பார்ட்டிஷனில் வைத்தே ஓட்ட வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். முடியும். ஆனால் யூஎஸ்பி ஸ்டோரேஜ், ஈஎக்ஸ்டி4 டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி பெரும்பாலும் அவற்றைத் தனி மாட்யூலாக வைக்கிறது. மாட்யூல் இருப்பது ரூட்டில், ரூட்டைத் திறக்க மாட்யூல் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. நீங்களே கெர்னலைக் கட்டினால் ஒழிய இதில் இறங்காதீர்கள்.

காக்கா, எனக்கு பூட் பிரச்சனை இல்லை. ஃப்ளாஷில் இடம் பத்தவில்லை, அதனால்தான் யூஎஸ்பிக்குப் போகப் பார்க்கிறேன். வேறு வழி உண்டா?

கீழக்கரையில் இருந்து வந்த கேள்வி, அங்கே காக்கா என்றால் அண்ணன். உண்டு தம்பி, அதுதான் சரியான வழியும்கூட. பெயர் எக்ஸ்ட்ரூட். கெர்னலும் அடிப்படைச் சரக்கும் ஃப்ளாஷிலேயே இருக்கட்டும். 'பிளாக்-மவுண்ட்', யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல், ஈஎக்ஸ்டி4 மாட்யூல் மூன்றையும் போட்டு, பென்டிரைவை ஈஎக்ஸ்டி4-ல் ஃபார்மேட் செய்து, அதன் அடையாள எண்ணான யூயூஐடியைக் கொடுத்து ஓவர்லேயாக (மேல் அடுக்காக) மாட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு போடும் பேக்கேஜ் எல்லாம் பென்டிரைவில் போய் உட்காரும். பென்டிரைவ் கழன்றாலும் ரூட்டர் சாகாது, ஃப்ளாஷில் உள்ள பழைய அமைப்போடு எழும். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள மிகப் பழைய ரூட்டருக்கு மட்டும் இது உதவாது. அதன் ரேம் இன்றைய ஓபன்டபிள்யூஆர்டிக்குப் போதாது.

ஒருமுறை நன்றாக ஏறியது. கரண்ட் போய் வந்ததும் பழைய கம்பெனிப் பக்கமே வருகிறது.

ரேமில் ஓட்டியது ரேமோடு போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியது இரண்டு. முதலில் ஃப்ளாஷின் எல்லாப் பார்ட்டிஷனையும் காப்பி எடுத்து லேப்டாப்பில் வையுங்கள். அதில் 'ஏஆர்டி' அல்லது 'ஃபேக்டரி' என்று ஒன்று இருக்கும். உங்கள் ரூட்டருக்கென்றே ஃபேக்டரியில் அளந்து எழுதிய வைஃபை அளவீடு அது. போனால் உலகத்தில் வேறு யாரிடமும் கிடைக்காது. அதன் பிறகு 'சிஸ்அப்கிரேட்' இமேஜை ஃப்ளாஷில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் நேரத்தில் எழுத வேண்டாம். இன்வெர்ட்டரில் மாட்டி எழுதுங்கள்.

பூட்லோடர் உள்ள பார்ட்டிஷனைத் தொடாதீர்கள். அது இருக்கும்வரை எதையும் மீட்கலாம். அது போனால் ஃப்ளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி வெளியில் இருந்து எழுத வேண்டும்.

சோலார் பேட்டரியில் நேரடியாக 12 வோல்ட் எடுத்து ரூட்டருக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இருக்குமோ?

இருக்கலாம். 12 வோல்ட் பேட்டரி வெயிலில் சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், ராத்திரி 11-க்கு இறங்கும். நடுவில் 12 வோல்ட் தரும் டிசி கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள்.

இன்டர்நெட் கம்பெனிக்காரர் மாட்டிக் கொடுத்த ஃபைபர் பெட்டியில் இதைச் செய்யலாமா?

வேண்டாம். அது அவர்கள் பொருள். அவற்றில் பலவற்றில் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரைத் தவிர வேறெதையும் பூட்லோடர் ஏற்காது. அதைப் பிரிட்ஜ் முறையில் (இணைப்பை மட்டும் கடத்தும்படி) வைக்கச் சொல்லிவிட்டு, பின்னால் உங்கள் சொந்த ரூட்டரை மாட்டுங்கள்.

யூ-பூட்டுக்கு யூஎஸ்பி தெரியாது என்றால் டிஎஃப்டிபி என்றீர்களே, அது என்ன?

லேன் கேபிள் வழியாக அதே இனிட்ராம்எஃப்எஸ் இமேஜைக் கொடுப்பது. லேப்டாப்பில் டிஎஃப்டிபி சர்வர் ஒன்றை ஓட விட்டு, 'பிரிண்ட்என்வ்' காட்டும் 'சர்வர்ஐபி' எண்ணை லேப்டாப்புக்கு வையுங்கள். லேப்டாப்பின் ஃபயர்வாலை அந்த நேரம் மட்டும் நிறுத்துங்கள். வைஃபையையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் பேச்சு வேறு பக்கம் போகும். 'டிஎஃப்டிபிபூட்' கொடுத்தால் திரையில் கட்டம் கட்டமாக ஓடும், முடிந்ததும் 'பூட்எம்'. உப்பு அரித்த யூஎஸ்பி துளையோடு மல்லுக்கட்டுவதைவிட இது எனக்குப் பிடித்த வழி. யூஎஸ்பி தெரிந்த ரூட்டரிலும் பல நேரம் இதைத்தான் செய்கிறேன்.

எல்லாம் பார்த்துவிட்டேன், முடியவில்லை. கடைக்குக் கொண்டு வரலாமா?

தாராளமாக. ரூட்டரை மட்டும் தனியாகக் கொண்டு வராதீர்கள், அதே அடாப்டரும் அதே பென்டிரைவும் வேண்டும். சீரியல் கன்சோலில் வந்த வரிகளை, பவர் போட்டதில் இருந்து நின்ற இடம் வரை, முழுதாக ஒரு ஃபைலில் சேமித்து அனுப்பிவிட்டு வாருங்கள். கடைசி வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், காரணம் பெரும்பாலும் அதற்கு இருபது வரி மேலே இருக்கும். ரூட்டர் வீட்டில் எந்த ஜன்னல் பக்கம் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.